நேத்து ஏன் வரல?

இந்தப் பூமியில் வேலையே இல்லாமல் தினமும் வேலைக்குப் போய் வந்த ஒரே மனிதர் எங்கள் சீசன் சார்தான். வேறு யாராவது உண்டென்றால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைப் போல மழையிலும் புயலிலும் ஒரு நாள் தவறாமல், ஒரு நிமிஷம் லேட்டாகாமல் போயிருக்க வேண்டும். சும்மா நாலு நாள் போய்விட்டு வந்த கேஸெல்லாம் செல்லாது.

திருவள்ளூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போகிற காலை லோக்கலில் நாலாவது பெட்டி எங்களுடையது. எங்களுடையது என்று சொன்னால் ரயில்வேக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் வருஷக்கணக்கில் அதே ஜன்னலோரத்தில், அதே முகங்களைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த உரிமை தானாக வந்துவிடும். அந்தப் பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. எந்த ஸ்டேஷனில் ஏறுகிறோமோ அதுதான் பெயர். நான் திருநின்றவூர். எனக்குப் பின்னால் ஏறுகிறவர் பட்டாபிராம். பாரிமுனைப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார், அவருடைய வாயும் ஒரு மோட்டார்தான். அம்பத்தூர் என்ற பெயரில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு மட்டும் நர்ஸம்மா என்று சலுகை கொடுத்திருந்தோம்.

சீசன் சார் முதலில் ஆவடி சாராகத்தான் இருந்தார். பாரிமுனையில் ஏதோ ஒரு ஆபீஸில் கிளார்க். அவர் ரிட்டயர் ஆன அன்று எங்கள் பெட்டியிலேயே வழியனுப்பு விழா நடத்தினோம். நர்ஸம்மா கேசரி கொண்டுவந்தார். நான் சால்வை போர்த்தினேன். அண்ணாத்தே இல்லாத பொட்டி இனிமே பொட்டியே இல்ல என்று பட்டாபிராம் பேசியபோது வில்லிவாக்கத்தில் ஏறிய முன்பின் தெரியாத ஒருவர்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீசன் சாரும் எழுந்து கைகூப்பி நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஆவடி வந்தது. பிளாட்பாரத்தில் அதே இடத்தில், அதே மடிப்புக் கலையாத சட்டையில், சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஆபீஸில் ஏதாவது மிச்ச வேலையா சார் என்று நான்தான் கேட்டேன்.

"வேலை இருந்தாத்தான் வண்டியில ஏறணும்னு எவன் சொன்னான்? சீசன் எடுத்திருக்கேன்ல?" என்று புத்தம்புது மாதப் பயணச் சீட்டை எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து அவர் சீசன் சார். போர்த்திய சால்வையைத் திருப்பிக் கேட்கவா முடியும்?

அவருடைய வேலை நேரம் இப்படி: காலையில் எங்களோடு சென்ட்ரல் வரை வருவார். பிளாட்பாரத்தின் முனை வரை கூடவே நடந்து, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவது போல எங்களை அனுப்பிவைப்பார். ஒரு டீ குடிப்பார். அடுத்த வண்டியில் ஆவடிக்குத் திரும்பிவிடுவார். சாயங்காலம் மறுபடி கிளம்பி சென்ட்ரலுக்கு வந்து எங்களை அழைத்துக்கொண்டு போவார். ஒருமுறை டிக்கெட் பரிசோதகர் அவரிடம், ரிட்டயர் ஆனவருக்குச் சென்ட்ரலில் தினமும் என்ன ஜோலி என்று கேட்டுவிட்டார். ஒன்றுமில்லை, இறங்கி ஏற வேண்டும் என்றார் சீசன் சார். பரிசோதகர் சீசனை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததுதான் அவருக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய கேள்வி. ஒரு நாள் நீங்கள் வண்டிக்கு வரவில்லையென்றால், மறுநாள் அவர் உட்காருவதற்கு முன்பே கேட்பார்: "நேத்து ஏன் வரல?" குசலம் விசாரிக்கிற குரல் அல்ல அது. கூண்டில் ஏற்றிக் கேட்கிற குரல். பதில் திருப்தியாக இருக்கிற வரை விடமாட்டார். லீவு போட்டால் எங்கள் மேனேஜருக்குக் காரணம் சொல்வது சுலபம், ஒரு மெசேஜோடு முடிந்துவிடும். சீசன் சாருக்குச் சொல்லும் காரணத்தை நான் திருநின்றவூரிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவேன்.

பட்டாபிராம் ஒருமுறை காய்ச்சல் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். சீசன் சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிடரியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல்ல கெடந்தவன் முடி வெட்டிக்குவானா?"

பட்டாபிராம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மச்சான் ஊட்டு விசேஷம், சொன்னா நீ நம்பமாட்டேன்னுதான் காய்ச்சல்னு சொன்னேன் என்று முனகினார். எங்க ஊட்டுப் பொம்பளகூட என்னை இத்தினி கேள்வி கேக்கல என்று சலித்தும் கொண்டார். கேக்கலையா, அதையும் ஒரு நாள் விசாரிக்கணும் என்று சீசன் சார் சொன்னதும் பெட்டி குலுங்கியது.

ஏன் சார் இப்படி உயிரை வாங்குகிறீர்கள் என்று நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன். எனக்குப் பொதுவாகக் கூட்டம் பிடிக்காது. ஜன்னலோரம் கிடைத்தால் சென்ட்ரல் வரை யாரிடமும் பேசாமல் வருவதுதான் என் சுபாவம். அந்த சுபாவத்தை அவர் கெடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. "மாத்திரை, நடைப்பயிற்சி எல்லாம் அப்புறம்யா. வரலன்னா ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆள் வேணும். அது இருந்தா மனுஷன் எழுந்து குளிச்சுக் கெளம்பிடுவான்" என்றார். அவர் மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆவடியில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பதிலை அன்றைக்கு நான் ஒரு கிழவரின் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஆனால் நர்ஸம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பையில் ரத்த அழுத்தம் பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று எப்போதும் இருக்கும். கொரட்டூர் தாண்டியதும் ஆளாளுக்குக் கையை நீட்டுவோம். எனக்கு எகிறும். பட்டாபிராமுக்கு அதைவிட எகிறும். எங்கள் எல்லோரையும்விட வயதான சீசன் சாருக்கு மட்டும் சொல்லி வைத்தாற்போல் ஒழுங்காக இருக்கும். அதே ஆள் டாக்டரிடம் போனால் தாறுமாறாகக் காட்டும், மாத்திரையைக் கூட்டுவார்கள். அவர் டாக்டரைப் போய் மடக்கியிருக்கிறார், நீங்கள் ஒரு நாள் நாலாவது பெட்டிக்கு வந்து பாருங்கள் சார், உங்கள் ரூமில் பார்த்தால் எப்படித் தெரியும் என்று. டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாராம்.

எனக்கு மஞ்சள் காமாலை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மனைவி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். நான் யாருக்கும் சொல்லாமல் திருநின்றவூர் வீட்டில் சுருண்டு கிடந்தேன். நாலைந்து நாள் வண்டிக்குப் போகவில்லை. ஒரு காலையில் கதவு இடிபட்டது. எழுந்து திறந்தால் சீசன் சார். அவருடைய சீசன் ஆவடியோடு முடிகிறது. அதற்கு மேல் தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் வந்திருக்கிறார்.

என் மஞ்சள் கண்ணைப் பார்த்தார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை இல்லை. "நேத்து ஏன் வரல?" என்றார்.

சார், கண்ணைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றேன். நேற்றைக்குச் சரி, முந்தாநாள் ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று அடுத்த கேள்வி வந்தது. வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். ஸ்டேஷன் வாசல் பால் பூத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு எப்போதும் சிடுசிடுவென்று ஒருத்தர் போவாரே, அவர் வீடு எது என்று கேட்டாராம். ஒரே வாயாக நாலு பேர் வழி காட்டியிருக்கிறார்கள். கூடவே மோர் கொண்டுவந்திருந்தார். அடுத்தடுத்த நாளும் வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சிலிருந்து தப்பிக்கவாவது எழுந்து ஆபீஸ் போய்விடலாம் என்று தோன்றி, நான் சீக்கிரம் தேறிவிட்டேன். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அந்த வாரம் அவர் வந்திருக்காவிட்டால் நான் மனதாலும் படுத்திருப்பேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை ஆவடி பிளாட்பாரத்தில் இல்லை.

பட்டாபிராம் வழக்கம்போல அவர் இடத்தில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார். அம்பத்தூர் வரை யாரையும் உட்காரவிடவில்லை. அடுத்த நாளும் அப்படியே. திருப்பதி போயிருப்பார் என்றோம். மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்றோம். பட்டாபிராமிடம் மட்டும் அவர் நம்பர் இருந்தது, சீசன் என்று பதிந்து வைத்திருந்தார். கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகு மழைக்காலம் பிடித்துக்கொண்டது. தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி தாமதம், ஆபீஸ் திட்டு என்று அவரவருக்கு அவரவர் பாடு. கைக்குட்டையை எடுத்துவிட்டு யாரோ ஒரு புதுப் பையன் அந்த இடத்தில் உட்கார ஆரம்பித்தான். பெட்டியில் சத்தம் குறைந்துபோயிற்று. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மழை கொஞ்சம் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனிமேலும் பொறுக்க முடியாது என்று நர்ஸம்மா என்னையும் பட்டாபிராமையும் ஆவடிக்கு வரவழைத்தார். தேடிக் கண்டுபிடித்துவிடுவது என்று கிளம்பிவிட்டோம். மார்க்கெட் முனையில் முதல் கடைக்காரரிடம் பட்டாபிராம் தெம்பாகக் கேட்டார், சீசன் சார் வீடு எது என்று. அவர் கையைக் காட்டிய பக்கம் போனால் ஒரு தள்ளுவண்டி. மாம்பழக் காலத்தில் மாம்பழம், நுங்குக் காலத்தில் நுங்கு, அந்தந்த சீசனுக்கு எது கிடைக்கிறதோ அது விற்கிறவர். ஊரில் அவருக்கும் சீசன் என்றுதான் பெயராம். அப்போது சீத்தாப்பழம் வைத்திருந்தார்.

நாங்கள் தேடுகிறவர் வேறு, வயதானவர், ரயிலில் போகிறவர் என்று விளக்கினோம். அவர் நியாயமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரு பேரு இன்னா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு இடது முட்டியில் வலி என்பது தெரியும். வடையில் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் பிய்த்துச் சாப்பிடுவார் என்பது தெரியும். மனைவி எந்தக் கோயிலுக்குப் போகக் கேட்டு இவர் கூட்டிப் போகாமலே விட்டார், எந்த மேலதிகாரியிடம் சண்டை போட்டார், எந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் வரும், எல்லாம் தெரியும். பெயர் தெரியாது. இத்தனை வருஷத்தில் அது தேவைப்படவே இல்லை.

"பேரு தெரியாத ஆளையா மூணு பேரு தேடிகினு வந்துக்கீறீங்க?" என்றார் பழக்காரர். வெட்கத்தில் ஆளுக்கு ஒரு கிலோ சீத்தாப்பழம் வாங்கிக்கொண்டு நகர்ந்தோம்.

நர்ஸம்மாவுக்குத்தான் மூளை வேலை செய்தது. பஸ் நிலையத்தைச் சுற்றியிருந்த மருந்துக் கடைகளில் ஏறி இறங்கினார். பிரஷருக்குக் காலையில் ஒன்று, கொழுப்புக்கு ராத்திரி பாதி, முட்டி வலிக்கு எப்போதாவது ஒன்று, நெஞ்செரிச்சலுக்கு வாங்கி வைத்து சாப்பிடாமலே விடுகிற ஒன்று என்று மாத்திரைகளைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது கடையில் இருந்தவர் முகம் மலர்ந்தது. ஒரு நாள் கடையை மூடினால் மறுநாள் வந்து ஏன் திறக்கலன்னு சண்டை போடுவாரே, அவரா என்றார். அவரேதான் என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

அங்கேதான் பெயர் தெரிந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அது வேறு யாரோ ஒருவருடைய பெயர் போலத்தான் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், மகன் வந்து அன்றைக்கே ஐயப்பன்தாங்கலுக்குக் கூட்டிப் போய்விட்டார் என்றார் கடைக்காரர். மகனுக்கு அங்கிருந்தே போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, எங்கள் கையில் கொடுத்தார். மகன் சந்தோஷமாக வரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு போனோம். பஸ் டெப்போவைத் தாண்டி ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட், தோட்டம், உடற்பயிற்சிக் கூடம், வாசலில் காவலர், எதற்கும் குறைவில்லை. மகன் ஐடி கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. மருமகளும் அப்படியே. இருவரும் தங்கமானவர்கள். அவருக்குத் தனி அறை, தனி டிவி, அளந்து போட்ட சாப்பாடு, விழுந்ததில் உடைந்த பழைய போனுக்குப் பதிலாகப் புது நம்பரோடு புது போன். வழுக்காத தரை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மகனைக் குறை சொல்ல வேண்டும் என்று நான் உள்ளுக்குள் தயாராகப் போயிருந்தேன். வாய்ப்பே கிடைக்கவில்லை.

அவரைக் கூப்பிடப் போகுமுன் மகன் எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு அங்கிள். எல்லாம் நார்மல். ஆனா சாப்பிட மாட்டேங்கறார். பேசறதே இல்ல. ஆள் கரைஞ்சுகிட்டே போறார்."

சீசன் சார் பேசுவதில்லை என்றால் எங்களால் நம்ப முடியவில்லை. மகன் மெதுவாக மற்றதையும் சொன்னார். வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். காலையில் டெப்போவுக்குப் போய் புறப்படுகிற முதல் பஸ்ஸில் ஏறி, ஒரு சுற்றுப் போய் வருவாராம். நாலு நாளில் முகங்கள் பழகியிருக்கும். காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்ட ஒரு பெண்ணிடம், நேத்து ஏன் வரல என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் பயந்து இடம் மாறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் சொல்லி, கண்டக்டர் மரியாதையாகவே கண்டித்திருக்கிறார். பஸ்ஸை விட்டுவிட்டு குடியிருப்புத் தோட்டத்தில் காலையில் நடக்கிறவர்களைப் பிடித்திருக்கிறார். அங்கேயும் அதே கேள்வி. மூன்றாம் நாள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு எச்சரிக்கை வந்துவிட்டது: பெரியவர் ஒருவர் யார் யார் எந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியே போகிறார்கள், யார் ஊரில் இல்லை என்று விசாரித்துக்கொண்டு திரிகிறார், எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கவும்.

பட்டாபிராம் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மகன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டோம். காவலர் வந்து சொன்னதும், இனிமேல் யாரையும் எதுவும் கேட்காதீர்கள் அப்பா, தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மகன்தான் சொல்லியிருக்கிறார். வேறு எந்த மகனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். அன்றோடு அவர் பேச்சு நின்றுவிட்டது.

கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். சட்டை தோளில் நிற்கவில்லை. நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீசன் சார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நான் வரலன்னு யாராவது கேட்டீங்களா?"

பட்டாபிராம்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார். "பொட்டியே கேட்டுகினுதான் கீது அண்ணாத்தே. உம் பேருதான் ஒருத்தனுக்கும் தெர்ல."

சீசன் சார் அவரையே பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சமையலறையிலிருந்து மருமகள் ஓடிவந்து நின்றுவிட்டார், அந்த வீட்டில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லையாம். உங்க பேரு மட்டும் எனக்குத் தெரியுமா, தெரிஞ்சா நானே யாரையாவது பிடிச்சுப் போன் போட்டிருக்க மாட்டேனா என்றார். அன்றைக்குத்தான் ஆளுக்கு ஆள் பெயர் சொல்லிக்கொண்டோம். பட்டாபிராமின் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு அப்படிக் கூப்பிட வரவில்லை. சீசன் சார் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சீத்தாப்பழக் கதையைச் சொன்னபோது இன்னொன்றும் கேட்டார்.

கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் நர்ஸம்மா மகனிடம் நேராகவே சொன்னார், மருந்தெல்லாம் மாத்த வேணாம் தம்பி, அப்பாவை மறுபடி வண்டியில ஏத்துங்க என்று. மகனுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற உறுத்தல் ஏற்கெனவே இருக்கிறது, அப்பா கூட்டத்தில் இன்னொரு முறை விழுந்தால் தன்னால் தாங்க முடியாது என்றார். கொஞ்சம் தேறட்டும், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். நாங்களும் தலையாட்டினோம். தேறினால் வண்டியில் ஏற்றலாம் என்று காத்திருந்தோம், வண்டியில் ஏறினால்தான் அவர் தேறுவார் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தும்.

இடையில் போன் செய்வோம். பேசுவார். ஆனால் போனில் அவருக்குப் பேச்சு ஓடவில்லை. ஒரு முறை நேரில் போய் வந்தோம். கார்த்திகை முடிகிற சமயத்தில் மகன் போன் செய்தார். தேறவில்லை அங்கிள், இனிமேல் தேறுவார் என்றும் டாக்டர் சொல்லவில்லை, வண்டிக்குப் போகணும்னு மட்டும் சொல்கிறார், நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்றார்.

மறுநாள் ஆவடியில், மகன் கைத்தாங்கலாகப் பிடித்திருக்க, சீசன் சார் ஏறினார். பெட்டியே எழுந்து நின்றது. புதுப் பையன் சொல்லாமலே இடத்தை விட்டான். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எல்லா முகங்களையும் சுற்றிப் பார்த்தார். மகனுக்கு எங்களை ஒவ்வொருவராகக் காட்டினார். இது பட்டாபிராம், மகா பொய்யன். இது நர்ஸம்மா, நம்ம டாக்டரை விடக் கெட்டிக்காரி. இது திருநின்றவூர், சிடுமூஞ்சி, ஆனா நல்லவன். மகன் எங்களுக்குக் கைகொடுத்தார்.

நர்ஸம்மா மெஷினை எடுத்தார். அளந்துவிட்டு, நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டு மெஷினை யாருக்கும் காட்டாமல் பையில் வைத்துக்கொண்டார். சீசன் சாருக்கு முகமெல்லாம் திருப்தி. பார்த்தியா என்று மகனைப் பார்த்துச் சொன்னார். கொரட்டூர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

என் மேல் யார் சாய்ந்தாலும் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு நான் தோளை அசைக்கவில்லை. பெட்டியில் ஒருவரும் பேசவில்லை. போன்களை எல்லாம் சத்தமில்லாமல் வைத்தார்கள். சமோசா விற்பவர் ஏறி வாயைத் திறந்ததும் பட்டாபிராம் கையைக் கூப்பினார். அவரும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் அடுத்த கதவில் போய் நின்றார்.

சென்ட்ரல் வந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஓசைப்படாமல் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் போகிறவர்கள் ஏறினார்கள். வண்டி ஆவடிக்குத் திரும்பியது. ஆபீஸை யாரும் நினைக்கவில்லை. வில்லிவாக்கம் வந்தபோது மகன் குனிந்து, எழுப்பட்டுமா அங்கிள் என்று கேட்டார். நாங்கள் மூவருமே வேண்டாம் என்று தலையாட்டினோம். பாவம், அசந்திருக்கிறார், தூங்கட்டும் என்றோம். நல்ல மனதோடுதான் சொன்னோம்.

ஆவடியில் கண் விழித்து, காரில் ஏறும்போது எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் தூங்க வந்தவரில்லை. அத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்த மனிதர் எங்களிடம் பேச வந்தார். கேட்டுத் தீர்க்க வேண்டிய கேள்விகள் அவரிடம் எவ்வளவோ இருந்திருக்கும். எழுப்பியிருக்கலாம். ஆவடி வருவதற்குள் இன்னும் கொஞ்சம் திட்டியிருப்பார்.